கால் இல்லாததெல்லாம் பாம்பல்ல

ஐப்பசி மழை இரண்டு நாள் கொட்டி ஓய்ந்த காலை அது. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் உள்ளடங்கிய ஒரு கிராமம். நண்பர் வீட்டுக் கொல்லையில் அடுக்கிவைத்திருந்த பழைய செங்கல்லை எடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசைக் கல்லைத் தூக்கியதும் பளிச்சென்று ஒரு சிவப்பு நெளிந்தது. “பாம்புக் குட்டிடா, அடிடா!” என்று நண்பரின் ஆயா திண்ணையிலிருந்தே கத்தினார். பக்கத்து வீட்டுப் பையன் கையிலிருந்த துடைப்பக்கட்டையால் இரண்டு போடு போட்டான். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உடல் ஒரு பக்கம் கிடந்தது. அறுந்த வால் தள்ளிப்போய்த் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. தென்னங்குச்சியால் உடலைப் புரட்டினேன். வயிற்றோரம், உடம்போடு ஒட்டி மடங்கியபடி நான்கு கால்கள். ஒவ்வொன்றும் ஓர் அரிசி அளவுதான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் ஐந்து விரல், விரல் நுனியில் நகம்.

“ஆயா, இதுக்குக் கால் இருக்கு பாருங்க.”

அவர் எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். “அட, அரணையா!” என்றார். அடுத்த மூச்சிலேயே, “அதுவும் வெசந்தாம்ப்பா. நக்குனாலே ஆளு போயிடும்பாங்க” என்றார்.

ஒரே கொல்லையில், ஒரே நிமிடத்தில் இரண்டு தவறுகள். காலே இல்லாததுபோல் தெரிந்ததால் அது பாம்பு என்பது முதல் தவறு. அரணைக்கு விஷம் உண்டு என்பது இரண்டாவது. இந்த இரண்டாலும்தான் இந்த உயிர் நம் ஊரில் ஆண்டாண்டாய் அடிபட்டுச் சாகிறது. அது யார், ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்தக் கட்டை கீழே இறங்கும் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

பெயரிலேயே பாம்பு

ஆயா சொன்னதுபோல அது அரணை இனம்தான். அதில் உடல் ஒல்லியாய் நீண்டு, கால் சிறுத்துப்போன வகையைப் பாம்பரணை என்பார்கள். சில ஊர்களில் அரணை இனம் முழுவதற்குமே பாம்புராணி என்ற பெயர் உண்டு. அன்று செத்துக் கிடந்ததற்கு அறிவியல் பெயர் ரியோபா பங்டேட்டா. பங்டேட்டா என்றால் புள்ளியிட்டது என்று பொருள். முதுகில் ஒவ்வொரு செதிலிலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். அவை வரிசையாகச் சேர்ந்து தலையிலிருந்து வால்வரை கோடு இழுத்ததுபோல் தெரியும். இரண்டு விலாவிலும் வெளிர்மஞ்சள் கோடு ஓடும். செதில்கள் எண்ணெய் தடவினாற்போல வழவழப்பாக இருக்கும். முழுதாக வளர்ந்ததற்கு மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை எட்டு சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும். வால் தனி.

குட்டியாக இருக்கும்போது அந்த வால் செக்கச்செவேலென்று இருக்கும். வளர வளர நிறம் மங்கிவிடும். பார்ப்பவர்களைப் பதறவைப்பது இந்தச் சிவப்புதான். ஆனால் அது மிரட்டுவதற்கான நிறம் இல்லை. மைனாவோ கொண்டலாத்தியோ கொத்த வந்தால் அதன் கண் முதலில் வாலுக்குப் போகட்டும், தலை தப்பட்டும் என்பதற்கான ஏற்பாடு. வாலைக் கொத்தினால் வால் கழன்று துள்ளும். பறவை துள்ளும் வாலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உடல் சருகுக்குள் புகுந்துவிடும். சில வாரங்களில் புதிய வால் முளைக்கத் தொடங்கும். பறவையிடம் பலிக்கும் இந்தத் தந்திரம் துடைப்பக்கட்டையிடம் பலிப்பதில்லை.

இது வாழும் இடங்கள் நாம் தினமும் புழங்குபவை. பூந்தொட்டிக்கு அடியில், எருக்குழி ஓரத்தில், சவுக்குத் தோப்பில் உதிர்ந்து மெத்தையாய்க் கிடக்கும் சருகில், கிணற்றடியின் ஈரக் கல்லிடுக்கில் இருக்கும். கெட்டித் தரையில் நடக்கும்போது அந்தக் குட்டைக் கால்களைப் பயன்படுத்தும். பொலபொலப்பான மண்ணுக்கோ சருகுக்கோ வந்துவிட்டால் நான்கையும் உடம்போடு மடக்கிக்கொண்டு பாம்பைப்போல நெளிந்து வழுக்கிப் போகும். அந்த நொடியில் அதைப் பார்க்கும் யாருக்கும் அது பாம்புதான். ஆயாவின் கண்மீது குற்றமில்லை.

எதுகைக்குள் சிக்கிய உயிர்

“அரணை கடித்தால் உடனே மரணம்” என்ற பழமொழியை நம்மில் கேட்காதவர் குறைவு. எதுகை அழகாக விழுந்துவிட்டதால் வாக்கியம் நின்றுவிட்டது. உண்மை இதுதான்: அரணைக்கு விஷப்பல் இல்லை, நம்மைக் கொல்லும் விஷமும் இல்லை. கரையான், வெட்டுக்கிளி, சிலந்தி, புழு என்று சிறு பூச்சிகளைக் கடித்து நொறுக்குவதற்கான பொடிப் பற்கள்தான் அதன் வாயில் உண்டு. கடிப்பதன் மூலம் விஷத்தைச் செலுத்தி மனிதனுக்குப் பெரும் தீங்கு செய்யும் பல்லியினம் உலகத்தில் மிகச் சில. அவற்றில் பெயர்பெற்றது கிலா மான்ஸ்டர். அது வாழ்வது அமெரிக்காவின் தென்மேற்குப் பாலையிலும் மெக்சிகோவிலும். செங்கல்பட்டுக் கொல்லையில் ஓடும் அரணை, ஓணான், பல்லி எதற்கும் அந்தச் சக்தி கிடையாது.

பிறகு இந்தப் பயம் எங்கிருந்து வந்திருக்கும்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நம் ஊரில் இரவில் தரையில் படுத்துத் தூங்குபவரைக் கட்டுவிரியன் கடிப்பதுண்டு. அந்தக் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை, வீங்குவதுமில்லை, பல் பட்ட இடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியும்போது கண்ணிமை தொங்கி, பேச்சு குழறி, மூச்சுத் திணறும். கட்டுவிரியன் அதற்குள் போயிருக்கும். பாயைத் தூக்கிப் பார்க்கும்போது ஓடியது ஓர் அரணையாக இருந்தால், பழி அதன்மேல் விழாமல் வேறு யார்மேல் விழும்?

இந்தத் தவறு அரணையோடு நிற்பதில்லை என்பதுதான் கவலை. “ஏதோ அரணைதான் பிறாண்டியிருக்கும், மந்திரிச்சா சரியாயிடும்” என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டால், உண்மையில் கடித்தது கட்டுவிரியன் என்றால், போவது உயிர். 2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இந்த நாட்டில் பாம்புக்குப் பயப்படுவது மூடத்தனம் இல்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

கண்ணில் ஒரு ஜன்னல்

அன்று அந்த உடலை வாழையிலைத் துண்டில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஆயாவிடமே கொடுத்தேன். முதலில் கண்ணைப் பார்க்கச் சொன்னேன்.

பாம்புக்குக் கண்ணிமை கிடையாது. அது கண்ணை மூடவே முடியாது. அரணைக்கு இமை உண்டு, மூடித் திறக்கும். பாம்பரணையின் கீழிமையில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. இமையின் நடுவே ஒளி ஊடுருவும் வட்டச் சில் ஒன்று, ஜன்னலில் பதித்த கண்ணாடிபோல இருக்கிறது. மண்ணுக்குள் போகும்போது தூசி படாமல் கண்ணை மூடிக்கொள்ளலாம்; மூடியபடியே வெளியே பார்க்கவும் செய்யலாம்.

இதே ஜன்னல் இன்னும் பெரிதாகி, மேலிமையோடு ஒட்டி நிரந்தரமாக மூடிக்கொண்டால் எப்படி இருக்கும்? பாம்பின் கண் அப்படித்தான் இருக்கிறது. கண்ணுக்கு மேல் ஒரே ஒரு கண்ணாடிச் செதில். வேலியோரம் பாம்புச் சட்டை கிடைத்தால் தலைப்பகுதியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கண் இருந்த இடத்தில் இரண்டு குட்டிக் கண்ணாடி மூடிகள் பதிந்திருக்கும். தோலோடு சேர்த்துக் கண்மேல் இருக்கும் செதிலையும் பாம்பு கழற்றிப் போட்டிருக்கும்.

அடுத்தது காது. அரணையின் தலைப் பக்கவாட்டில், வாய் முடியும் இடத்துக்குப் பின்னால், குண்டூசியால் குத்தியதுபோல ஒரு துளை தெரியும். பாம்புக்கு வெளிக்காதுத் துளை கிடையாது. தாடை எலும்பு வழியாகத்தான் அதிர்வை உணர்கிறது.

பிறகு வயிறு. அந்தச் சட்டையையே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாம்புகளின் அடிவயிற்றில், ஓலைக் கூரையில் கீற்று அடுக்கியதுபோல, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை அகன்ற ஒற்றைச் செதில்கள் வரிசையாக இருக்கும். அரணையின் வயிற்றிலோ முதுகில் இருப்பது போன்ற சிறு சிறு செதில்களே பல வரிசையாக இருக்கும்.

கடைசியில் வாலும் நாக்கும். பாம்புக்கு உடல்தான் பெரும்பகுதி, வால் கடைசியில் கொஞ்சம். அரணைக்கு வாலே உடலுக்கு நிகரான நீளம் இருக்கும். அது கழன்று மறுபடி முளைக்கும். பாம்பின் நாக்கு ஆழமாகப் பிளந்தது. அரணையின் நாக்கு சற்றே தட்டையானது, நுனியில் மட்டும் லேசான வெட்டு. பல்லியினத்திலும் உடும்புக்குப் பாம்புபோலவே பிளந்த நாக்கு உண்டு.

இதில் எந்த ஓர் அடையாளத்தையும் தனியாக நம்பிவிட முடியாது. எல்லாவற்றுக்கும் விதிவிலக்கு உண்டு. ஆனால் நான்கைந்தைச் சேர்த்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். கவனியுங்கள், இவற்றில் ஒன்றுகூடக் காலைப் பற்றியது அல்ல.

தீவுக்குள் ஒரு படிக்கட்டு

காரணம், பல்லியினத்தில் கால் இழப்பது ஒன்றும் அபூர்வமான விஷயம் இல்லை. பரிணாம வரலாற்றில் 25 தடவைக்கு மேல் வெவ்வேறு கிளைகளில் இது தனித்தனியாக நடந்திருக்கிறது. பாம்பு அவற்றுள் மிகப் பெரிதாக வெற்றி பெற்ற கிளை, அவ்வளவுதான்.

அந்தப் பயணத்தின் ஒவ்வொரு படியையும் பார்க்க வேண்டுமானால் பாக் நீரிணையைத் தாண்டினால் போதும். இலங்கையில் மட்டுமே வாழும் நெசியா என்ற அரணைப் பேரினம் இருக்கிறது. சிங்களத்தில் அரணை ஹிக்கனலா. இந்த வகைக்கு அவர்கள் வைத்த பெயர் சர்ப்ப ஹிக்கனலா. நம் பாம்பரணையை அப்படியே அவர்கள் மொழியில் சொன்னதுபோல! இரண்டு மொழிக்காரர்களும் இரண்டு கரையிலிருந்து ஒரே விஷயத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

நெசியாவுக்கு நெருங்கிய சொந்தமான சால்சிடோசெப்ஸ் என்ற இலங்கை அரணைக்குக் காலுக்கு நான்கு விரல். நெசியாவில் ஓர் இனத்துக்கு மூன்று விரல். இன்னொன்றுக்கு இரண்டு. வேறொன்றுக்குக் கால் விரலே பிரியாத முளைபோல நிற்கிறது. அடுத்த ஒன்றுக்கு முன்னங்கால் போய்விட்டது; பின்னங்காலின் மிச்சம் மட்டும் இருக்கிறது. லேயார்டி, ஹிக்கனலா என்ற இனங்களுக்குக் காலே இல்லை. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, சுழியம் என்று ஒரே தீவின் சருகுக்கு அடியில் படிக்கட்டு கட்டிவைத்ததுபோல இருக்கிறது.

முழுக்கக் கால் இழந்த அரணைகள் நம் கீழைக்கடற்கரையிலும் உண்டு. அதற்கு மாமல்லபுரத்திலிருந்து வடக்கே வெகுதூரம் போக வேண்டும். ஒடிசாவின் சிலிகா ஏரியில் பர்க்குடா என்று ஒரு சிறு தீவு. இந்திய விலங்கியல் அளவைத் துறையின் முதல் இயக்குநர் நெல்சன் அனண்டேல், 1917-ல் அங்கே மண்ணுக்குள் வாழும் காலற்ற அரணை ஒன்றைக் கண்டு, தீவின் பெயராலேயே பர்க்குடியா என்று பெயரிட்டார். அதன் உறவான இன்னோர் இனம் விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. அதே வட்டாரக் கிழக்கு மலைத்தொடரில் செப்சோபிஸ் என்ற மற்றொரு காலற்ற அரணையைச் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த ரிச்சர்ட் பெடோம் 1870-ல் விவரித்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்தே அது மறுபடி ஆய்வாளர் கண்ணில் பட்டது. தமிழ்நாட்டிலேயே, கோவையை ஒட்டிய ஆனைகட்டிப் பகுதியில் 2021-ல் ஓர் அரணை இனம் புதிதாக விவரிக்கப்பட்டது. ஏழு சென்டிமீட்டர் நீளம், மணல் நிறம், மெல்லிய உடல், சிறுத்த கால். நாம் இன்னும் முழுதாக எண்ணி முடிக்காத குடும்பம் இது.

கால் ஏன் போகிறது?

மணலில் நடந்து பழகிய எந்தக் கடற்கரைக்காரருக்கும் பதில் பாதி தெரியும். காலை ஊன்றினால் மணல் இளகும். ஒவ்வோர் அடிக்கும் கால் புதையும். உடல் சிறிதாக இருக்க, சருகும் மணலும் வேரும் பின்னிய அடுக்குக்குள்ளே போக வேண்டும் என்றால் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கால் தடைதான். சகாராவில் மணல்மீன் என்றழைக்கப்படும் ஓர் அரணை உண்டு. நல்ல வலுவான கால்கள் உடையது. அது மணலுக்குள் புகுந்தபின் என்ன செய்கிறது என்று 2009-ல் ஆய்வாளர்கள் எக்ஸ்ரே வைத்துப் பார்த்தார்கள். நான்கு காலையும் உடம்போடு மடக்கிவிட்டு, உடலை அலையலையாய் நெளித்து மணலில் நீந்துகிறது. நம் பாம்பரணை சருகில் செய்வதும் அதேதான். பயன்படாத காலைச் சுமப்பதைவிடச் சிறுத்த காலோடு பிறந்தது எளிதாக நுழைந்தது, எளிதாகத் தப்பியது, குட்டி பெருக்கியது. தலைமுறை தலைமுறையாக உடல் நீண்டது, முதுகெலும்புக் கணுக்கள் கூடின, கால் சுருங்கியது.

இதற்கு எவ்வளவு காலம் ஆகும்? ஆஸ்திரேலியாவின் லெரிஸ்டா என்ற அரணைப் பேரினத்தில் ஐந்து விரல் உள்ளதும் காலே இல்லாததும் உண்டு. அதில் ஒரு கிளை சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்குள்ளாகவே முழுக்கால் நிலையிலிருந்து காலற்ற நிலைக்குப் போயிருக்கலாம் என்று 2008-ல் கணக்கிட்டார்கள். பூமியின் கணக்கில் அது மிகச் சிறிய நேரம்.

உடலுக்குள் இது எப்படி நடக்கிறது என்பதற்குப் பாம்பிடமிருந்து ஒரு நல்ல விடை கிடைத்திருக்கிறது. கருவில் கால் வளர ஒரு மரபணு சரியான நேரத்தில் சரியான இடத்தில் வேலை செய்ய வேண்டும். அதைத் தூண்டிவிடும் சுவிட்ச் போன்ற ஒரு பகுதி அந்த மரபணுவிலிருந்து வெகு தொலைவில், அதே டிஎன்ஏ இழையில் இருக்கிறது. 2016-ல் அமெரிக்காவில் செய்த சோதனையில், எலியின் இந்தச் சுவிட்சை எடுத்துவிட்டுப் பாம்பின் சுவிட்சை வைத்தார்கள். பிறந்த எலிகளுக்குக் கால்கள் குட்டையாகி முளையாக நின்றன. பாம்பின் சுவிட்சில் காணாமற்போயிருந்த 17 எழுத்துகளை மட்டும் திரும்பச் சேர்த்து வைத்தபோது எலிக்குக் கால் பழையபடி வளர்ந்தது. கால் வளர்க்கும் மரபணு பாம்பின் உடலில் வேறு வேலைகளுக்காக இன்னும் இருக்கிறது. கெட்டுப்போனது சுவிட்ச் மட்டும்.

அந்தப் பழைய காலின் தடயம் இன்றும் கண்ணால் பார்க்கக்கூடியது. மலைப்பாம்பின் வால் தொடங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் கொக்கிபோல ஒரு சிறு நகம் இருக்கும். அது பின்னங்காலின் மிச்சம். மண்ணுளிப் பாம்புக்கும் அது உண்டு. அர்ஜென்டினாவில் கிடைத்து 2006-ல் விவரிக்கப்பட்ட நாஜாஷ் என்ற பாம்பின் புதைபடிவம் 9 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அதற்கு இடுப்பெலும்பும் இரண்டு பின்னங்கால்களும் இருந்தன.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். பாம்பரணை பாதிப் பாம்பு அல்ல. நாளைக்கு முழுப் பாம்பாக மாறிவிடப் போவதும் இல்லை. பாம்பு தோன்றியது பல்லியினத்தின் வேறொரு கிளையில். மரபணுச் சான்றுகளின்படி, சுவரில் ஓடும் பல்லியைவிட உடும்புக்கு நெருங்கிய உறவு பாம்புதான். அரணை அந்தக் கிளைக்கு வெளியே இருப்பது. ஒரே மண்ணில், ஒரே தேவைக்கு, இரண்டு குடும்பங்கள் தனித்தனியாக ஒரே வழியில் நடந்திருக்கின்றன. ஒன்று வெகுதூரம் போய்விட்டது. மற்றது வழியில் இருக்கிறது.

தவறு மறுபக்கமும் உண்டு

அரணையைப் பாம்பென்று அடிக்கும் நாம், பாம்பைப் புழுவென்றும் மிதிக்கிறோம். மழைக்காலத்தில் குளியலறைச் சாக்கடை வழியாகக் கறுப்பாய், பளபளப்பாய், மண்புழு அளவில் ஒன்று நெளிந்து வரும். அது புழுப்பாம்பு. செவிக்குள் புகுந்துவிடும் என்ற பயத்தில் செவிப்பாம்பு என்றும் சொல்வார்கள். யார் செவிக்குள்ளும் அது போவதில்லை. எறும்பு முட்டையும் கரையானும் தின்னும் உயிர் அது. இந்த இனத்தில் ஆண் கிடையாது, எல்லாமே பெண், துணையில்லாமலே முட்டையிடும். ஒன்று பூந்தொட்டி மண்ணோடு கப்பலேறினால் போதும், போன நாட்டில் குடும்பம் உண்டாகிவிடும். அப்படித்தான் உலகெங்கும் பரவியிருக்கிறது.

மண்ணுளிப் பாம்பின் கதை இன்னும் வருத்தமானது. மழுங்கிய வால் தலைபோலத் தெரிவதால் இருதலைப் பாம்பு என்று பெயர் வாங்கி, அதிர்ஷ்டம், கோடிக்கணக்கில் விலை என்று ஏமாற்றுக்காரர்கள் கட்டிய கதையால் பிடித்து விற்கப்படுகிறது. அதற்குத் தலை ஒன்றுதான். விஷமும் இல்லை, அதில் மருந்தும் இல்லை. பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சருகுக்கு அடியில் பென்சில் பருமன்கூட இல்லாத பவளப்பாம்பு வகை ஒன்றும் நம் பகுதியில் உண்டு. பழுப்பு உடல், கருந்தலை, வாலில் கறுப்பு வளையம். கூச்ச சுபாவமுள்ளது, கடிப்பது அபூர்வம்; ஆனாலும் நாகப்பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்த விஷப்பாம்பு. ஆகவே கால் இருக்கிறதா, இமை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக உயிருள்ள எதையும் கையில் எடுக்கக் கூடாது. தள்ளி நின்று பார்த்துத் தெரிந்தால் தெரியட்டும். தெரியாவிட்டால் அது போகட்டும்.

இந்த மண்ணின் அறிவு

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையின் நடுப்பிளவில் நாகராஜனும் நாகினியும் மேலே எழுந்து வருவதைப் பல்லவச் சிற்பி செதுக்கிவைத்திருக்கிறார். மேலே மனித உடல், கீழே நீண்டு நெளியும் பாம்பு உடல். அந்தப் பாறையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வடநெம்மேலி. பாம்பை இந்த நாட்டிலேயே மிக நன்றாக அறிந்த மக்களின் இடம் அது.

அந்த மக்களான இருளர்கள் ஒரு காலத்தில் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழில் நின்றது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அனுமதியோடு பிடித்து, மண்பானையில் வாய்க்குத் துணி கட்டி வைத்து, சில வாரங்களில் விஷம் எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தே போனது எது என்று சொல்லும் கண் அவர்களுடையது. அந்தக் கண் நம் எல்லோருக்கும் வராது. ஆனால் ஒரு நொடி நின்று பார்க்கும் பொறுமை எல்லோருக்கும் வரும். அந்த நொடி போதும்.

கொல்லையில் செங்கல்லையோ விறகையோ எடுக்கும்போது கையை விடுமுன் கழியால் தட்டிவிடுங்கள். வழவழப்பாய், சிவப்பு வாலோடு ஒன்று நெளிந்தால் பின்னால் நகருங்கள்; தானாகப் போய்விடும். பாம்பு என்று உறுதியாகத் தெரிந்து வீட்டுக்குள் இருந்தால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். கடித்தது எது என்று தெரியாவிட்டால் அரணை என்று முடிவுகட்டாதீர்கள். இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்டவரை அசையவிடாமல், 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அன்று ஆயா உருப்பெருக்கியை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது எதுவும் சொல்லவில்லை. பொங்கலுக்கு நண்பர் தொலைபேசியில் பேசினார். துளசிமாடத்துக்குப் பின்னால் ஒரு பாம்பரணை குடியிருக்கிறதாம். பக்கத்து வீட்டுப் பையன் கட்டையோடு வந்தபோது ஆயா குறுக்கே நின்று, “கால் இருக்குடா அதுக்கு, போடா” என்று விரட்டிவிட்டாராம். உங்கள் வீட்டுத் துளசிமாடத்துக்குப் பின்னாலும் ஒன்று இருக்கலாம். அதை இருக்க விடுங்கள்.